கிலோவுக்கு ஐம்பது கிராம்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவன் தெருமுனையைத் தாண்டியிருப்பான் என்பதால் யாரும் கூப்பிடுவதில்லை. கல்யாணமான புதிதில் மனைவியின் அண்ணன் ‘பாதரசம்’ என்று ஒரு பெயர் வைத்தார். தரையில் கொட்டினால் கையில் அகப்படாமல் உருண்டோடுமே, அந்தச் சாமான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடத்தை அவன் வகுப்புக்கு வெளியே நின்றுதான் கேட்டான். உள்ளே உட்காரவைத்தால் அவன் கால் ஆடும், கால் ஆடினால் பெஞ்சு ஆடும், பெஞ்சு ஆடினால் வரிசையில் உள்ள நாலு பேரின் கையெழுத்தும் கெடும். வளர்ந்த பிறகு ஒரு கிடங்கில் காவல் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாளே ஓடிவந்தான். திருடன் வந்தால்கூடப் பரவாயில்லை, ஒருத்தனும் வரமாட்டேன் என்கிறானே என்பது அவன் புகார். பிறகு ஒரு வக்கீல் ஆபீசில் தட்டச்சு செய்தான். அங்கே நாற்காலி உடைந்தது. கடைசியாகத்தான் தராசு மெக்கானிக் வேலை அமைந்தது. மளிகைக் கடை, நகைக்கடை, பழமண்டி, இரும்புக் கிடங்கு என்று ஒரு நாளைக்குப் பத்து இடம். எந்த இடத்திலும் அரை மணிக்கு மேல் வேலை இல்லை. காலில் சக்கரம் கட்டிய ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்? பதினைந்து வருடமாக அதே வேலைதான்.

வேலையில் கெட்டிக்காரன், அதை மறுப்பதற்கில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் முதலாளியின் முகத்தைப் பார்க்கமாட்டான். தராசின் மூலையில் இருக்கும் நீர்மட்டக் குமிழியைத்தான் பார்ப்பான். குமிழி நடுவில் இல்லையென்றால் அவனுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். தோள்பையில் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதற்குள் பித்தளை எடைக்கற்கள் பட்டுத்துணியில் குழி குழியாகப் பதிந்து உட்கார்ந்திருக்கும், ஒரு கிலோவிலிருந்து ஒரு கிராம் வரைக்கும். அவற்றை வெறுங்கையால் தொடமாட்டான். விரல் ஈரம் பட்டால் எடை மாறும் என்பான். வீட்டில் யாராவது அந்தப் பெட்டியைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க முணுமுணுப்புதான்.

அப்படிப்பட்டவனுக்கு, கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து, ஏழாம் மாத முடிவிலேயே பெண் குழந்தை பிறந்தது. மனைவிக்கு இரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பிரசவ அறையில் இருந்த தராசு ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு கிராம் என்றது. குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நர்சு ஓட, அவனும் பின்னாலேயே ஓடினான். கீழ்த்தளத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு அறை. உள்ளே ஆறு பெட்டிகள், இவளோடு சேர்த்து ஆறு குழந்தைகள், ஒவ்வொன்றின் மூக்கிலும் குழாய். அங்கே மறுபடி எடை போட்டார்கள். ஆயிரத்து இருநூற்று ஐம்பது.

பெற்ற குழந்தை பிழைக்குமா பிழைக்காதா என்று தெரியாத அந்த நேரத்திலும், கண்ணாடிக்கு வெளியே நின்றபடி அந்த ஆள் மனசுக்குள் கணக்குப் போட்டான். அரை மணி நேரத்தில் ஒரு குழந்தை அறுபது கிராம் ஏறுமா? இரண்டில் ஒரு தராசு பொய் சொல்கிறது. எது என்று தெரிந்துகொள்ளாமல் அவனால் இருக்க முடியவில்லை. இதையெல்லாம் வெளியே சொன்னால் ஈவிரக்கம் இல்லாதவன் என்பார்கள். உண்மையில் அவன் பயந்துபோயிருந்தான். பிடித்துக்கொள்ள அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் மனைவிக்கு நினைவு தெளிந்தது. மூன்றாவது மாடியில், தலையைத் தூக்கக்கூடாது என்று படுக்கவைத்திருந்தார்கள். குழந்தையைப் பார்க்க அவளால் கீழே வரமுடியாது, குழந்தையை மேலே கொண்டுவரவும் முடியாது. எவ்வளவு பெரிசா இருக்கா என்று கேட்டாள். அவனுக்கு வாயால் சொல்ல வரவில்லை. பையிலிருந்து மரப்பெட்டியை எடுத்து, ஒரு கிலோ, நூறு, ஐம்பது, இருபது, இன்னொரு இருபது என்று எண்ணி அவளுடைய இரண்டு உள்ளங்கையிலும் வைத்தான். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக, வெறுங்கையால். தனக்குத் தெரிந்த வழியில் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டதாக அவன் நினைப்பு.

அவள் அந்தக் கற்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இவ்வளவுதானா?” என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கற்கள் படுக்கையில் உருண்டன. மச்சான் அவனை வெளியே இழுத்துப் போய், உனக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா, இல்லை அதையும் எங்கேயாவது கழற்றி வைத்துவிட்டாயா என்று கேட்டார். அவர் சரக்கு வண்டி ஓட்டுபவர். நெஞ்சில் இருப்பதை அப்படியே கேட்டுவிடுவார்.

அன்றிலிருந்து அவன் வேலை மாடிப்படி ஏறி இறங்குவது. மனைவி பீய்ச்சிக் கொடுக்கும் பாலைச் சின்னப் புட்டியில் வாங்கிக்கொண்டு கீழே ஓடுவான். இருபது மில்லி, சில சமயம் பத்து. கண்ணாடி அறையில் கொடுத்துவிட்டு, எடை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு மேலே ஓடுவான். அவளும் வேறு எதுவும் கேட்பதில்லை. “எவ்வளவு?” என்பாள். அவன் எண்ணைச் சொல்வான். முதல் வாரத்தில் எண் இறங்கியது. பிறந்த குழந்தைகளுக்கு இறங்கத்தான் செய்யும் என்று பெரிய சிஸ்டர் சொல்லியிருந்தார். ஆனால் மூன்றாவது மாடியில் அந்தச் சமாதானம் எடுபடவில்லை. எண் இறங்கிய நாளில் அவள் பாலும் குறைந்தது.

பெரிய சிஸ்டர் என்பவர்தான் அந்தக் கண்ணாடி அறையின் ராணி. குள்ளமான உருவம், மூக்கில் சரியும் கண்ணாடி, குரலை உயர்த்தவே மாட்டார். டாக்டர்களே அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சீட்டில் எழுதுவார்கள். ஐந்தாம் நாள் அவர் அவனைக் கூப்பிட்டு, சட்டையைக் கழற்றச் சொன்னார். அம்மா வரமுடியாததால் அப்பாவின் நெஞ்சில் குழந்தையைத் தோலோடு தோலாக வைக்கவேண்டும், நாளுக்கு எவ்வளவு மணி நேரம் முடியுமோ அவ்வளவு. பெட்டியின் சூட்டைவிட இந்தச் சூடு நல்லது. மூச்சு சீராகும், பால் செரிக்கும், எடை ஏறும். இதுவும் ஒரு மருந்துதான் என்றார்.

அவன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தான். தவளைக்குஞ்சு போல் கையையும் காலையும் மடக்கிக்கொண்டு மகள் அவன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டாள். தொப்பிக்குக் கீழே முகம் என்று சொல்ல ஒரு கைக்கடிகார அளவுதான் இருந்தது. அழுகை வந்தது. அதை அடக்கினான். கால் மணி நேரம் போனது. கால் ஆடத் தொடங்கியது.

“கால்,” என்றார் பெரிய சிஸ்டர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நிறுத்தினான். இப்போது கைவிரல் தாளம் போட்டது. அதை நிறுத்தினால் கழுத்து திரும்பியது. அந்த அறையில் சும்மா இருப்பது அவனுக்கு முள்மேல் உட்காருவது மாதிரி. ஆனால் எழுந்து போகவில்லை. இதை அவன் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு, எட்டாம் நாளில் நாலு மணி நேரம் உட்கார்ந்தான். மகளின் மூச்சு அவன் நெஞ்சுக்குழியில் இளஞ்சூடாகப் படும். சில சமயம் அந்த மூச்சு நின்றுபோகும். குறைமாதக் குழந்தைகள் மூச்சுவிட மறந்துவிடுமாம். மானிட்டர் கத்தும், சிஸ்டர் வந்து பாதத்தில் சுண்டுவார், அவளும் நினைவு வந்ததுபோல் மூச்சை இழுப்பாள். ஒவ்வொரு தடவையும் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆயிரத்து எண்ணூறைத் தொட்டால் வீட்டுக்கு அனுப்புவோம் என்றார்கள். அந்த எண்ணை அவன் இரவும் பகலும் மனசில் உருட்டிக்கொண்டிருந்தான்.

கண்ணுக்கு நேரே தராசு இருந்ததுதான் வம்பு. சுவரோரம் ஒரு சின்ன மேசை, அதன்மேல் தராசு. ஒரு ரப்பர் கால் போய், மடித்த அட்டையை முட்டுக்கொடுத்திருந்தார்கள். குமிழி ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. நாலு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து அந்தக் குமிழியைப் பார்ப்பது என்றால் அவன் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒன்பதாம் நாள் பொறுக்கமாட்டாமல் பெரிய சிஸ்டரிடம் சொல்லிவிட்டான். மெஷின் கூடக் காட்டுகிறது, ஐந்து நிமிடம் கொடுத்தால் சரி செய்துவிடுவேன் என்றான்.

“கூடக் காட்டுதுன்னு எனக்கும் தெரியும். எழுதிக் குடுத்திருக்கேன், ஆள் வருவாங்க. அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது,” என்றார் அவர். “தினமும் அதே மெஷின், அதே நேரம். எனக்கு அது போதும்.”

அந்தக் கடைசி வார்த்தை அவன் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. தப்பு என்று தெரிந்தும் ஒரு தராசை வைத்துக்கொண்டு எப்படிப் போதும் என்கிறார்? கடைக்காரன் இப்படிச் சொல்லியிருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பான். மகளின் எடை என்று தினமும் மனைவியிடம் போய்ச் சொல்வது பொய். அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறுவது அவனுக்கு நாளுக்கு நாள் கனத்தது.

பதினோராம் நாள் மாலை நாலு மணிக்கு அறையைக் கழுவினார்கள். அந்த நேரத்தில் பெற்றோர்களை வெளியே அனுப்புவார்கள், குழந்தைகள் பெட்டிக்குள் இருக்கும். துப்புரவுப் பணி செய்யும் அம்மாள் மேசையைத் தனியாக நகர்த்தமுடியாமல் தடுமாறினார். அவன் உதவிக்குப் போனான். நல்ல எண்ணத்தில்தான் போனான் என்று அவனே பிறகு நூறு தடவை சொல்லிக்கொண்டான். தராசைப் பக்கத்து அறைக்குத் தூக்கிக்கொண்டுபோய் வைத்தான். அங்கே வேறு யாரும் இல்லை. பை தோளில் இருந்தது. கை துறுதுறுவென்றது.

ஒரு கிலோ கல்லை வைத்துப் பார்த்தான். ஆயிரத்து ஐம்பது காட்டியது. கிலோவுக்கு ஐம்பது கிராம்! பிரசவ அறைத் தராசு சொன்னதுதான் நிஜம் என்று முதல் நாளே அவன் போட்ட கணக்கு சரியாக இருந்தது. பின்பக்கத் திருகைக் கழற்றினான். பையில் இருந்த ஒரு ரப்பர் காலைப் பொருத்தினான், குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தான், கல்லை வைத்து அளவைத் திருத்தினான். ஆயிரம் என்றால் ஆயிரம். பத்தே நிமிடம். மேசை திரும்பி வந்தபோது தராசும் அதன்மேல் நல்லபிள்ளையாக உட்கார்ந்திருந்தது. அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பதினோரு நாளில் அன்றைக்குத்தான் அவன் வயிறாரச் சாப்பிட்டான்.

காலையில் வழக்கம்போல் ஒன்பது மணிக்குப் பால்புட்டியோடு வந்தான். மாடிப்படியில் சீட்டிகூட அடித்தான். கண்ணாடி அறை வாசலில் சீட்டி நின்றுவிட்டது.

எதிர்ப்பெட்டிப் பையனின் அம்மா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். உள்ளே அவன் மகளின் குதிகாலில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது, பஞ்சில் சிவப்பு. பக்கத்தில் இரத்தம் எடுத்த சின்னக் குப்பி. பால் கொண்டுவந்திருக்கிறேன் என்றான் அவன். இன்றைக்குப் பால் வேண்டாம், நிறுத்திவைத்திருக்கிறோம் என்றாள் பயிற்சி நர்சு. ஏன் என்று கேட்டான். எடை குறைந்துவிட்டது என்றாள். நேற்று ஆயிரத்து இருநூற்று அறுபது, இன்று ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. ஒரே நாளில் நாற்பத்தெட்டு கிராம். கிருமி தொற்றியிருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்படுகிறார். எதிர்ப்பெட்டிப் பையன் எழுபது கிராம் இறங்கிவிட்டான், நேற்று மாலை கொஞ்சம் பாலையும் கக்கினான், அவனை நினைத்தால்தான் ரொம்பப் பயமாக இருக்கிறது என்றாள்.

அவன் கண்ணாடி வழியாக மற்ற பெட்டிகளைப் பார்த்தான். ஆறு குழந்தைகளும் ஒரேயடியாக இறங்கியிருக்கும். பெரிய சிஸ்டர் இருந்திருந்தால் இரண்டாவது சீட்டிலேயே கண்டுபிடித்திருப்பார். அன்று காலை அவருக்கு ஓய்வு, பத்து மணிக்குத்தான் வருவார். இளம் டாக்டர் இரண்டாவது குழந்தைக்கு வந்ததும் பதறிப்போய், மற்ற சீட்டுகளைப் பார்க்காமல் அங்கேயே நின்றுவிட்டார்.

வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தான். யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் இருந்தால் சாயங்காலத்துக்குள் சோதனை முடிவு வரும், ஒன்றுமில்லை என்பார்கள், பால் மறுபடி ஆரம்பிக்கும். சொன்னால் உள்ளே விடமாட்டார்கள். விடாவிட்டால் மகளை யார் நெஞ்சில் வைத்துக்கொள்வது? அம்மா மூன்றாவது மாடியில் கிடக்கிறாள். இருக்கும் ஒரே நெஞ்சு இதுதான். மருந்து என்றார்களே, அந்த மருந்தைத் தானே பிடுங்குவதா? நடந்து நடந்து அவனுக்கு மூச்சு வாங்கியது. குதிகாலில் எடுத்த அந்த இரத்தம் வேறு கண்ணைவிட்டுப் போகவில்லை. அவள் உடம்பில் இருப்பதே ஒரு டம்ளர்தான்.

அப்போது டாக்டர் எதிர்ப்பெட்டிப் பையனின் அம்மாவிடம் ஒரு தாளை நீட்டினார். பையனின் முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கவேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார். அவள் பேனாவை வாங்கிவிட்டாள்.

“போடாதீங்கம்மா,” என்றான் அவன். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. “டாக்டர், ஊசி வேணாம். பையன் இளைக்கல. நான்தான் நேத்து மெஷினைத் திருத்தி வெச்சேன். முன்னாடி கிலோவுக்கு அம்பது கிராம் கூடக் காட்டிட்டிருந்தது. ஆறு கொழந்தையோட சீட்டையும் எடுத்துப் பாருங்க, எல்லாரும் இறங்கியிருப்பாங்க.”

டாக்டர் பார்த்தார். ஆறு சீட்டையும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவர் பேசியதை இங்கே எழுதவேண்டிய அவசியம் இல்லை. அவன் அதற்குத் தகுதியானவன்தான். எதிர்ப்பெட்டிப் பையனின் அம்மா பேனாவைக் கீழே போட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்தாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்போ எம்புள்ள இளைக்கலையா? நெசமாவா?” என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம், ஐந்து கிராம் ஏறியிருக்கிறான் என்று அவன் சீட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொன்னதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டு பிறகுதான் வந்தது, நிறைய வந்தது.

பெரிய சிஸ்டர் பத்து மணிக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். குமிழியைக் குனிந்து பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“கடையில ஒங்களுக்கு உண்மையான எடை வேணும்,” என்றார். “இங்க எனக்கு நேத்துக்கும் இன்னிக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் வேணும். மெஷின் தினமும் ஒரே பொய்யைச் சொன்னாலும் கொழந்த ஏறுதா இறங்குதான்னு எனக்குத் தெரியும். நீங்க அந்த வித்தியாசத்தைத்தான் கெடுத்தீங்க. ரெண்டு கொழந்தைக்கு ரத்தம் எடுத்தாச்சு.”

பதினைந்து வருடம் தராசோடு புழங்கியவனுக்கு இது தோன்றாமல் போய்விட்டது. கடைக்காரன் ஒரு பொருளை ஒரு தடவைதான் எடை போடுவான். இங்கே ஒரே உயிரைத் தினமும் போடுகிறார்கள். அவனுக்குத் தலைநிமிர முடியவில்லை. மன்னிப்புக் கேட்டான். அதைக் கேட்டுக்கொண்டதாகவே சிஸ்டர் காட்டிக்கொள்ளவில்லை. ஆறு சீட்டையும் ஒரு சிவப்புப் பேனாவையும் எடுத்து அவன் கையில் கொடுத்து, பழைய எண்களையெல்லாம் சரியான எடைக்கு மாற்றி எழுதித் தரச் சொன்னார், வெளியே உட்கார்ந்து. இன்றைக்கு உள்ளே வரவேண்டாம் என்றார்.

“அப்போ பாப்பாவ யாரு வெச்சுக்கறது?” என்றான்.

“அத நேத்து நாலு மணிக்கு யோசிச்சிருக்கணும்,” என்றார் அவர்.

மூன்று மாடியையும் அவன் அன்றைக்கு நடந்துதான் ஏறினான். மனைவியிடம் எதையும் மறைக்கவில்லை. அருகில் இருந்த மச்சான் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். முந்தின நாள்தான் அவளுக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. காலையில் கட்டிலில் ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பார்த்திருந்தார்கள். நாளை மறுநாள் பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருந்தார்கள். அவள் மணியை அழுத்தி நர்சை வரவழைத்து, இப்பவே கீழே போகணும், சக்கர நாற்காலி கொண்டுவாங்க என்றாள். நர்சு தயங்கினாள், டாக்டரைக் கூப்பிட்டாள், டாக்டர் இரத்த அழுத்தத்தை இரண்டு தடவை பார்த்தார். ஒரு மணி நேரம் என்றார்.

நாற்காலியை அவன்தான் தள்ளினான். “மெதுவாங்க,” என்றாள் அவள். “தையல் இழுக்குது.” அவன் வேகத்தைக் குறைத்தான். அப்படியும் இழுத்தது. இன்னும் குறைத்தான். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக அவன் எங்கேயும் போனதில்லை. ஒவ்வொரு தரைக்கல்லின் இணைப்பிலும் நாற்காலி ஏறி இறங்குவதைக் கையில் உணர்ந்தபடி போனான். வாசலில் பெரிய சிஸ்டர் நாற்காலியின் பிடியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது.

அவன் வெளியே பெஞ்சில் சீட்டுகளை மடியில் பரப்பி உட்கார்ந்தான். நூற்றைந்தால் வகுத்து நூறால் பெருக்கவேண்டும். மகளின் சீட்டில் முதல் நாள் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு. பிறகு இறக்கம். பிறகு மெல்ல மெல்ல ஏற்றம். நேற்று ஆயிரத்து இருநூறு. இன்று ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லோரையும் கதிகலங்க வைத்த அந்தக் காலையில் அவள் பன்னிரண்டு கிராம் ஏறியிருந்தாள். அதைச் சிவப்பில் எழுதும்போது அவனுக்குக் கண் மறைத்தது. இன்னும் ஐந்நூற்று எண்பத்தெட்டு கிராம் பாக்கி. இடையில் எத்தனை தடவை அந்த மூச்சு நிற்குமோ. கால் ஆடியது. இங்கே அதட்ட யாரும் இல்லை, ஆடட்டும் என்று விட்டுவிட்டான்.

கண்ணாடி வழியாகப் பார்த்தான். சிஸ்டர் குழாய்களை ஒதுக்கிப் பிடித்தபடி குழந்தையை எடுத்து மனைவியின் நெஞ்சில் வைத்தார். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு. அவள் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு குனிந்தாள். தொப்பி மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. ஒரு மணி நேரமும் அவள் அசையவே இல்லை. அவளுடைய உதடுகள் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தன. என்ன சொல்கிறாள் என்று தெரியாமல் அவன் பெஞ்சிலிருந்து எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தான்.

நேரம் முடிந்து சிஸ்டரே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சீட்டுகளை வாங்கி ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். “நாளைக்கு ஒன்பது மணிக்கு வாங்க,” என்றார். “அந்தப் பையை வீட்டுல வெச்சிட்டு வாங்க.”

நாற்காலியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் போனார்கள். எப்போதும் அவள்தான் எவ்வளவு என்று கேட்பாள். இன்று கேட்கவில்லை. பன்னிரண்டு கிராம் ஏறிய செய்தி அவன் நாக்கு நுனியில் இருந்தது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு அந்தக் கல்லையெல்லாம் என் கையில வெச்சீங்கல்ல,” என்றாள்.

“ம்.”

“அது தப்புங்க. இவ்வளவுதானான்னு நெனச்சுட்டேன்.” லிஃப்ட் வந்து கதவு திறந்தது. “எவ்வளவு கனமா இருக்கா தெரியுமா?”

அவன் எண்ணைச் சொல்லவில்லை. நாற்காலியின் முன்சக்கரம் விளிம்பில் இடிக்காமல் தூக்கி, மெதுவாக உள்ளே தள்ளினான்.